பதினோராம் நாள்

அந்தப் பக்கம் உட்காராதீங்க, ஃபேன் காத்து வராது. இங்கிட்டு உட்காருங்க. ஆனா என் தண்ணி பாட்டிலத் தொட்டுறாதீங்க. தாகமா இருந்தா வராண்டாக் கடைசியில குழாய் இருக்கு, போய்க் குடிச்சுட்டு வாங்க. இதுல நான் வாய் வச்சிருக்கேன். அம்புட்டுத்தான் சொல்லுவேன்.

நாய்க்கடிதானே? பன்னெண்டாம் நம்பர் ரூம் வாசல்ல வேற எதுக்கு வந்து உட்காரப் போறீங்க. எங்க கடிச்சது? கணுக்காலா. சோப்பு போட்டுக் கழுவினீங்களா? கால் மணி நேரம் குழாய்க்கடியில காட்டணும். சும்மா நாலு சொட்டுத் தெளிச்சுட்டு வந்திருந்தீங்கன்னா சிஸ்டர் வையும். எஸ்தர் சிஸ்டர்னு பேரு. வாயத் தொறந்தா எட்டூருக்குக் கேக்கும், ஆனா ஊசி நல்லாப் போடும். ரெண்டு கையிலயும் போட்டுட்டு, கடிச்ச எடத்தச் சுத்தி இன்னொண்ணு போடும் பாருங்க, அப்பத் தெரியும் சேதி.

யாரு நாய்? தெருநாயா?

சொந்த நாயா.

சரி. அப்பக் கொஞ்சம் தள்ளியே உட்காருங்க. கோவிச்சுக்கிட்டாலும் பரவாயில்ல. நாய் வளக்கிறவன் மூஞ்சியப் பாத்தாலே எனக்கு ஆகாது. "கடிக்காது, நீங்க வாங்க வாங்க." நாய் வளக்கிற அத்தனை பேரும் சொல்ற ஒரே வார்த்தை. கடிக்காதாம். அப்பப் பல்லு எதுக்கு, கோலம் போடவா? இருபத்தோரு வருஷம் வீடு வீடாப் போய் கரண்ட் ரீடிங் எடுத்தவன் நான். ஒரு வீட்டுக்காரனாவது "எங்க நாய் கடிக்கும், நில்லுங்க சார், கட்டிட்டு வர்றேன்"னு சொன்னதுண்டா? கிடையாது. கேட்டுக் கதவு தொறந்துதான் கிடக்கும். மீட்டரு பின்னாடிதான் இருக்கும். நாய் அதுக்கும் பின்னாடி இருக்கும்.

என்ன, பையப் பாக்குறீங்க? பால் பாக்கெட்டு. ஆஸ்பத்திரிக்குப் பால் கொண்டுவரக் கூடாதுன்னு சட்டம் இருக்கா? இல்லேல்ல. அப்ப விடுங்க.

எனக்குக் கடிபட்டு ஆறு வருஷமாச்சு சார். ஆறு வருஷமா ஒவ்வொரு நாளும் காலையில எந்திரிச்சதும் சொம்புல தண்ணி மோந்து வச்சு அதுல பாக்குறேன். எதுக்கா? நாய் மொகம் தெரியுதான்னுதான். நீங்க சிரிக்கலாம். இன்னிக்குச் சிரிப்பீங்க, ராத்திரி வீட்ல தண்ணி குடிக்கும்போது டம்ளருக்குள்ள ஒரு தடவை குனிஞ்சு பாப்பீங்க. பாத்துட்டு என்னைய நெனைப்பீங்க.

எனக்கு ஒம்போது வயசு இருக்கும். எங்க ஊர்ல வெள்ளையத் தேவர்னு ஒரு மாட்டு வியாபாரி. நாய் கடிச்சு ரெண்டு மாசம் யாருகிட்டயும் சொல்லாம இருந்திருக்காரு, ஊசியும் போடல ஒண்ணும் போடல. வந்துருச்சு. மாட்டுக் கொட்டத்துல தூணோட சேத்துக் கட்டிப்போட்டிருந்தாங்க. நான் சுவத்து ஓட்டை வழியாப் பாத்தேன். பாக்கக்கூடாதுன்னு எங்கம்மா சொல்லியிருந்துச்சு, அதான் பாத்தேன். அவரு பொண்டாட்டி சொம்புல தண்ணி கொண்டுபோய்க் குடுத்துச்சு. வாங்குனாரு. உள்ள பாத்தாரு. அப்புறம் ஒரு சத்தம் போட்டாரு சார். அந்தச் சத்தத்த நான் உங்களுக்குச் செஞ்சு காட்ட மாட்டேன். தண்ணிக்குள்ள நாய் மொகம் தெரிஞ்சிருக்குன்னு ஊரே சொன்னுச்சு. நாப்பது வருஷம் ஆகப்போகுது, அந்தச் சத்தம் இன்னும் என் காதுலதான் இருக்கு.

டாக்டரு என்ன சொன்னாருன்னா, தேவரு ஊசி போடல, நீங்க போட்டிருக்கீங்க, ரெண்டும் ஒண்ணு இல்லன்னாரு. எனக்கும் தெரியும் ரெண்டும் ஒண்ணு இல்லன்னு. நான் என்ன படிக்காதவனா?

என்னையக் கடிச்சது ஐப்பசி மாசம். மழை விட்டு வெயில் அடிக்குது. டீச்சர் வீடு. வசந்தகோகிலம் டீச்சர்னு பேரு, ஸ்கூல்ல கணக்கு எடுத்து ரிட்டயர் ஆனவங்க. வீட்டுக்குப் பின்னால காம்பவுண்டுச் சுவத்துக்கும் மோட்டார் ரூமுக்கும் நடுவுல ரெண்டடிச் சந்து. அதோட கடைசியிலதான் மீட்டர் பெட்டி. இருட்டா இருக்கும், டார்ச் அடிச்சுத்தான் பாக்கணும். கண்ணாடியப் போட்டு, டார்ச்ச அடிச்சு, நம்பரப் பாக்குறேன். அந்த நம்பரு இன்னும் ஞாபகம் இருக்கு, ஆனா இப்ப அது வேணாம். பின்னாடியிருந்து கெண்டைக்கால்ல புடிச்சிருச்சு.

திரும்ப எடமில்ல சார். அதான் விசயம். திரும்பக்கூட எடமில்ல. குனிஞ்சு கையால தள்ளப் போனேன், கையைப் புடிச்சிருச்சு. டார்ச்சால அடிச்சேன். டார்ச்சுக் கண்ணாடி ஒடஞ்சு நாயோட காதக் கிழிச்சிருச்சு, ரத்தம் என் மூஞ்சியில தெறிச்சது. அப்பயும் விடல. மாடியில டீச்சரம்மா மிக்ஸி ஓட்டுது. நான் கத்துறேன், மிக்ஸி ஓடுது. நாலு நிமிசமோ அஞ்சு நிமிசமோ. அவ்வளவுதான் சவுந்தரபாண்டி, முடிஞ்சுதுன்னு நெனச்சேன். அப்படி நெனச்சது அப்படியே உள்ள போய் உக்காந்திருச்சு. மிக்ஸி நின்னுருச்சு, டீச்சரம்மா ஓடிவந்து நாயப் புடிச்சு இழுத்துருச்சு, ஆட்டோவுல ஏத்திவிட்டுச்சு, எல்லாம் ஆச்சு. அந்த நெனப்பு மட்டும் எந்திரிக்கவே இல்ல.

நாய் பேரு என்ன தெரியுமா? லட்டு. சொல்லும்போதே எனக்கு நாக்கு கூசுது. ஒரு புலி, சிங்கம்னு பேரு வச்ச நாய் கடிச்சிருந்தாலும் வெளிய சொல்லிக்கலாம். லட்டு கடிச்சிருச்சுன்னு சொன்னா, ஆபீஸ்ல ஸ்வீட்டு கேக்குறாய்ங்க.

அன்னிக்குச் சாயங்காலம் மச்சினன் வந்தான், என் பொண்டாட்டி தமயந்தியோட தம்பி, ஜெயமுருகன். கட்டுப் போட்டு ஆஸ்பத்திரிக் கட்டில்ல கிடக்கேன். அவன் பல்லக் கடிச்சுக்கிட்டு நிக்கிறான். நான் ஒண்ணும் கொல்லச் சொல்லல சார். அத நல்லாக் கேட்டுக்கங்க. "அது இருக்கக் கூடாது மாப்ள"ன்னு மட்டும்தான் சொன்னேன். கடிபட்டவன் வேற என்ன சொல்லுவான், மாலை போடச் சொல்லுவானா? அவன் நாலு பயலுகளோட போனான். ஒரு மணி நேரத்துல வந்து போன்ல போட்டோ காட்டினான். செவலை நாயி, வால் நுனி வெள்ளை. கிடந்துச்சு. பாத்தேன். நிம்மதியாத் தூங்கினேன்.

மறுநா காலையில ரவுண்ட்ஸ் வந்த டாக்டரு, வயசானவரு, கேக்குறாரு: "நாய் எங்க இருக்கு? கட்டிப் போட்டிருக்காங்களா? பத்து நாள் பாக்கணும். பத்து நாள் அது நல்லா இருந்துச்சுன்னா கடிச்சப்ப அதுக்கு நோய் இல்லன்னு அர்த்தம்." நான் சொன்னேன், அடிச்சுட்டாங்க சார். அதுக்கு அவரு நாக்கால "ச்"னு ஒரு சத்தம் பண்ணினாரு.

அந்த "ச்" இருக்கே சார்.

அதுக்கப்புறம் அவரு ஏதேதோ சொன்னாரு. ஊசி எல்லாம் ஒழுங்காப் போட்டுக்கங்க, போட்டா ஒண்ணும் ஆகாது, தைரியமா இருங்கன்னு சொன்னாருன்னு தமயந்தி சொல்லும். பக்கத்துலதான் நின்னுச்சு அது. நான் கேக்கல. எனக்குக் கேட்டது "ச்" மட்டும்தான். பெரிய டாக்டரு, முப்பது வருஷ சர்வீஸு, சும்மாவா நாக்கக் கொட்டுவாரு? அதுக்குள்ள ஒரு விசயம் இருக்குல்ல. வெளிய சொல்ல முடியாத விசயத்துக்குத்தான் மனுசன் "ச்"னு சொல்லுவான்.

போட்டேன். எல்லா ஊசியும் போட்டேன், ஒரு நாள் தப்பாம. நீங்களும் தப்பாமப் போடுங்க, அதுல வெளையாடாதீங்க. ஆனா போட்டு முடிச்சு வீட்டுக்குப் போனதும் தனித் தட்டு, தனி டம்ளரு எடுத்து வச்சுட்டேன். தனி ரூமு. உள்பக்கம் தாப்பா. தமயந்திகிட்டச் சொல்லிட்டேன், என் கொரல் மாறிச்சுன்னா கதவத் தொறக்காத, நான் அழுதாலும் தொறக்காத, புள்ளையத் தூக்கிட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போயிருன்னு. எதுக்குச் சொன்னேன்? அவுகளக் காப்பாத்தத்தான. அது மூஞ்சியத் திருப்பிக்கிட்டு நிக்குது. நல்லதுக்குச் சொன்னா இந்தக் காலத்துல யாருக்குப் புடிக்குது?

புள்ளைக்கு அப்ப மூணு வயசு. நட்சத்திரான்னு பேரு. காலக் கட்டிக்கிட்டு "தூக்கு, தூக்கு"ங்கும். கெண்டைக்கால்ல ஒரு கை பட்டாலே எனக்கு உடம்பெல்லாம் வேர்த்து ஊத்தும். ஒதறிடுவேன். ரெண்டு தடவை விழுந்திருக்கு. அதுக்கப்புறம் அது காலக் கட்டுறத விட்டுருச்சு. வாசப்படியில நின்னு பாக்கும். நல்லதுன்னு நெனச்சுக்கிட்டேன். ஆறு வருஷம் சார். எம்புள்ளையோட கனம் எனக்குத் தெரியாது.

தமயந்தி மூணு வருஷம் தாங்கினா. அப்புறம் தேனிக்குப் போயிட்டா, தம்பி வீட்டுக்கு. பயந்துட்டா பாவம். நோய்க்குப் பயந்துட்டா. வேற எதுக்குப் போகப் போறா, நான் குடிக்கிறவனா, அடிக்கிறவனா? போகும்போது, "நாய்கூட ஒரு தடவை கடிச்சுட்டு விட்டுருச்சு"ன்னா. அதுக்கு என்ன அர்த்தம்னு நான் கேக்கல. கோவத்துல பேசுறதுக்கெல்லாம் அர்த்தம் பாக்க முடியுமா?

வேலையா? வேலை எங்க. கேட்டுத் தாப்பா சத்தம் கேட்டாலே திரும்பி நடந்துருவேன். நாய் இருக்கிற வீட்டுக்கெல்லாம் "டோர் லாக்"னு போட்டேன். வீடு பூட்டியிருந்துச்சு, ரீடிங் எடுக்க முடியலன்னு அர்த்தம். அப்புறம் நாய் இருக்குமோன்னு தோணுற வீட்டுக்கும் போட்டேன். ஒரு தடவை ஒரு தெரு முழுக்க டோர் லாக். வாசல்ல உக்காந்து வெங்காயம் உரிச்சுக்கிட்டிருந்த பொம்பள வீட்டுக்கும் டோர் லாக். கம்ப்ளெயின்ட் போச்சு, ஆபீஸ்ல கவுன்ட்டர்ல உக்கார வச்சுட்டாங்க. எனக்கு எதிராத் திட்டம் போட்டுச் செஞ்சாங்க சார், அது வேற கதை.

தண்ணி முழுங்க முடியாது. மடக்கு மடக்கா, கண்ண மூடிக்கிட்டு. தொண்டை இறுகுது, கால் திகுதிகுன்னு எரியுது. அறிகுறி இல்லாம வேற என்ன? டாக்டர்ட்ட சொன்னா, இது பயத்துல வர்றதுங்கிறாரு. ஆறு வருஷம் கழிச்சு வராதுங்கிறாரு. எனக்கு வராதுன்னு எழுதிக் குடுங்கன்னேன். என்னைய முப்பத்தி ஒண்ணாம் நம்பருக்கு எழுதிக் குடுத்துட்டாரு. தெரியும்ல, மனசுக்குப் பாக்குற ரூமு. சின்னப் பொண்ணு ஒண்ணு டாக்டரா உக்காந்திருக்கு. அது சொல்லுது: "சார், நடக்கப் போகுதுன்னு நீங்க காத்துக்கிட்டே இருக்கீங்க. அப்படிக் காத்துக்கிட்டே இருந்தா தொண்டை இறுகத்தான் செய்யும். அது இறுகினதும் பாத்தியா, வந்துருச்சுங்கிறீங்க." எனக்கு வந்துச்சே கோவம். என்னம்மா, நானா வரவச்சுக்கிறேன்னு சொல்றியா, ஆசைப்பட்டுச் செய்றேனான்னு கேட்டேன். இல்ல சார், உங்கமேல தப்புன்னு சொல்லலன்னுச்சு. எனக்குக் கேட்டது தப்புங்கிற வார்த்தைதான்.

ஒரு நோட்டுக் குடுத்துச்சு. ரெண்டு கட்டம். மொதக் கட்டத்துல, இன்னிக்கு என்ன நடக்கும்னு பயந்தீங்க. ரெண்டாவது கட்டத்துல, என்ன நடந்துச்சு. தெனமும் எழுதிட்டு வாங்கன்னுச்சு. நமக்குக் கட்டம் போட்டு எழுதுறது புதுசா? எழுதினேன். மொதக் கட்டம் நெறைய எழுதினேன். ரெண்டாவது கட்டத்துல எல்லாத்துக்கும் "டோர் லாக்"னு போட்டேன். ரெண்டு மாசம், அறுவது நாளு, அறுவது டோர் லாக். அது பாத்துட்டு, "என்ன சார் இது, ஒண்ணும் நடக்கலன்னுதான எழுதணும்"னு கேக்குது. நடக்கலன்னு எப்படிம்மா எழுதுறது? இன்னும் நடக்கல. இன்னும் நடக்கலைங்கிறது வேற, நடக்கலைங்கிறது வேற. வீடு பூட்டியிருந்தா உள்ள கரண்ட் ஓடலன்னு அர்த்தமா? அதோட அங்க போறத நிறுத்திட்டேன்.

உங்க டோக்கன் எத்தனை? பதினாறா. இப்ப பதிமூணு போயிருக்கு. எனக்கு டோக்கன் கிடையாது, குடுக்க மாட்டேங்குது அந்தச் சிஸ்டரு. இருந்தாலும் நான் உக்காந்திருக்கேன். நேத்து நடந்ததச் சொல்றேன் கேளுங்க. கேக்காட்டியும் சொல்லுவேன்.

நேத்து வியாழக்கிழமை. கவுன்ட்டர்ல அந்த டீச்சரம்மா வந்து நிக்குது. வீட்டுக்காரரு தவறிட்டாராம், பேரு மாத்தணும்னு வந்திருக்கு. என்னையப் பாத்ததும் மொகம் வெளுத்துருச்சு. பேப்பரக் குடுக்காம நின்னுச்சு. அப்புறம், "சார், உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். ஆறு வருஷமா சொல்லணும்னு இருந்தேன், தைரியம் வரல"ன்னுச்சு. என்னன்னேன். "லட்டு உயிரோட இருக்கான் சார்."

நான் ரசீதுக் கட்டுல சீல் குத்திக்கிட்டே இருந்தேன். எத்தனை குத்தினேன்னு தெரியல.

என்ன நடந்திருக்குன்னா, அன்னிக்கு எங்க ஆளுக வர்றாங்கன்னு தெரிஞ்சதும் டீச்சரம்மா அந்த நாய மாடி பாத்ரூம்ல போட்டு அடைச்சிருச்சு. வாயக் கட்டி. இவனுக போய்க் கேட்டுல பாத்தது வேற நாய். அதே ஈத்துல பொறந்தது, அதே செவலை, அதே வெள்ளை வாலு. தெருவுல கிடந்து டீச்சரம்மா வைக்கிற சோத்த மட்டும் தின்னுக்கிட்டிருந்தது. அதுக்கும் ஒரு பேரு வச்சிருந்திருக்கு. பூந்தி. "பூந்தி யாரையும் குரைச்சதுகூட இல்ல சார்"னு கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் நின்னு அழுகுது. லைன்ல நின்னவங்க எல்லாம் நான்தான் பேரு மாத்த லஞ்சம் கேட்டு அழவச்சுட்டேன்னு நெனச்சு என்னைய மொறைக்கிறாங்க.

பொய்யின்னேன். நீ பொய் சொல்றன்னேன். வந்து பாருங்கன்னுச்சு. போனேன். எப்படிப் போனேன்னு கேக்காதீங்க, அந்தக் கேட்டுக்கு முன்னாடி அரை மணி நேரம் நின்னேன், சட்டை நனைஞ்சு பிழியிற மாதிரி ஆயிருச்சு. அதே சந்துக்கு முன்னால சாக்கு விரிச்சுக் கிடக்கு. பதிமூணு வயசாம். ஒரு கண்ணு வெள்ளை விழுந்து போச்சு. மொகமெல்லாம் நரைச்சுப்போய், பல்லுல பாதி இல்ல. பின்னங்கால் இழுத்துக்கிட்டு எந்திரிக்குது. இடது காது நுனி ரெண்டாக் கிழிஞ்சிருந்துச்சு. நான் டார்ச்சால கிழிச்ச கிழிசல்.

அப்பத்தான் சார் எனக்கு அந்தப் போட்டோ ஞாபகம் வந்துச்சு. ஜெயமுருகன் காட்டின போட்டோ. அதுல ரெண்டு காதும் முழுசா இருந்துச்சு. வெறைப்பா, ரெண்டும் முழுசா. நான் பாக்கலன்னு சொல்லல. பாத்தேன். பாத்துட்டுத்தான் நிம்மதியாத் தூங்கினேன்.

அது பைய வந்துச்சு. நான் சுவத்தோட ஒட்டிக்கிட்டேன். வேட்டிக்குக் கீழ அந்தத் தழும்ப மோந்து பாத்துச்சு. மோந்து பாத்துட்டு நக்குச்சு சார். தழும்ப நக்குச்சு. நக்கிட்டு என் செருப்புமேல தலைய வச்சுப் படுத்துருச்சு.

என்ன, நல்ல சேதிதானேங்கிறீங்களா? என்ன நல்லா இருக்கு? கொஞ்சம் யோசிச்சுப் பேசுங்க. அது உசிரோட இருக்குன்னா என்ன அர்த்தம்? பத்து நாள் முடிஞ்ச பதினோராம் நாள் காலையில எனக்கு ஒண்ணும் இல்லன்னு அர்த்தம். அன்னிக்கு நான் எந்திரிச்சுத் தாப்பாவத் தொறந்து வெளிய வந்து புள்ளையத் தூக்கியிருக்கலாம்னு அர்த்தம். சொம்புல தண்ணியக் குடிக்கத்தான் மோந்திருக்கணும், பாக்க இல்ல. பூந்தின்னு ஒரு ஜீவன், பாவம், அது அடிபட்டுச் செத்தது ஒண்ணுமில்லாததுக்குன்னு அர்த்தம். ஆறு வருஷத்தையும் கொண்டுபோய்க் குப்பையில போடுன்னு அர்த்தம். இதக் கேட்டு நான் சிரிக்கணுமா? அந்த டீச்சரு அன்னிக்கே வந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தா? "சொன்னா அதையும் கொன்னுருவீங்கன்னு பயந்தேன்"ங்குது. நான் அப்படிப்பட்ட ஆளா சார்? நீங்களே சொல்லுங்க.

நம்ப மாட்டேன். காது கிழிஞ்ச நாய் ஊர்ல ஒண்ணுதான் இருக்கா?

ராத்திரி தமயந்தி போன் பண்ணிச்சு. டீச்சரு எப்படியோ நம்பர் வாங்கி அதுகிட்டயும் சொல்லியிருக்கு. ஏழெட்டு மாசம் கழிச்சு அது கொரலக் கேக்குறேன். அழுகுது. "நாளைக்கு மொத பஸ்ஸுக்கு வர்றோம்"னுச்சு. நான் வேணாம்னுட்டேன். இன்னிக்கு நக்கியிருக்கு தமயந்தி, எச்சி பட்டிருக்கு, இன்னும் பத்து நாள் பாக்கணும், வராதன்னேன். அப்புறம் புள்ள வாங்கிப் பேசுச்சு. "அப்பா, காலண்டர்ல எண்ணிப் பாத்தேன். பதினோராம் நாள் ஞாயித்துக்கிழமை வருது. எனக்கு லீவுதான். வரட்டா?" அப்பான்னு கூப்பிட்டுச்சு. அது கொரல் எனக்கு அடையாளம் தெரியல சார். வேற யாரு புள்ளையோ ராங் நம்பர்ல பேசுற மாதிரி இருந்துச்சு. வச்சிட்டேன்.

அதான் காலையில இங்க வந்தேன், நக்கினதுக்கு ஊசி போடச் சொல்லி. எஸ்தர் சிஸ்டரு கத்துது. "ஆறின தழும்ப நக்கினதுக்கு ஊசி கிடையாது சார், எத்தனை தடவை சொல்றது, வீட்டுக்குப் போங்க." போயிடணுமாம். அதுக்கென்ன, சொல்லிட்டுப் போயிரும்.

உங்க போனு அடிக்குது பாருங்க. எடுங்க. ஸ்பீக்கர்ல எதுக்குப் போடுறீங்க, ஆஸ்பத்திரிக்கே கேக்குது.

யாரு அது, உங்க தம்பியா? என்ன சொல்றான்? கம்பி எடுத்துட்டானா? தெருவுல நாலு பேரு வந்துட்டாங்களா? நீங்க என்ன "உம், உம்"ங்கிறீங்க? "உன் இஷ்டம்"னா சொல்றீங்க? அட, இங்க குடுங்க. குடுங்க சார் போன.

ஏம்ப்பா. நான் யாரா இருந்தா உனக்கென்ன, ஆஸ்பத்திரியிலருந்து பேசுறேன். கம்பியக் கீழ போடு. போட்டுட்டியா? சத்தம் கேக்கலையே, போடு. அந்த நாய் எதுத்தாப்புல தெரியுதா? அதுதானா கடிச்சது, அதேதானா, நல்லாப் பாத்தியா? காதப் பாரு, கழுத்தப் பாரு. சரி. கிட்டப் போகாம கேட்டச் சாத்தி உள்ளயே வை. சோறு வை. தண்ணி வை. குடிக்குதான்னு பாரு. ஒருத்தனும் கல்லக்கூட எடுக்கக் கூடாது, சொல்லிப்புட்டேன். பத்து நாள். எண்ணத் தெரியும்ல? பத்து நாள் அது உசிரோட நடமாடணும். அதுக்கு முன்னாடி அதுமேல கை வச்சீங்கன்னா உங்க அண்ணன் இந்த ஜென்மத்துல தூங்க மாட்டாரு. வை போன.

இந்தாங்க. நன்றியெல்லாம் வேணாம். உங்க நாய்க்காகச் சொல்லல, நாய எனக்குப் புடிக்காது. உங்களுக்காகவும் சொல்லல, உங்கள எனக்கு யாருன்னே தெரியாது. வீட்ல சின்னப்புள்ள இருக்கா? ரெண்டு இருக்கா. பதினோராம் நாள் காலையில எந்திரிச்சு ரெண்டையும் தூக்குங்க. ஒண்ணு ஒண்ணாத் தூக்குங்க, அவசரம் இல்ல.

பதினாறு கூப்பிடுது, போங்க. ஊசிய ஒழுங்காப் போட்டுக்கங்க, அடுத்த தேதிய அட்டையில எழுதி வாங்கிக்கங்க. உங்களுக்கு இன்னிக்கு ஒண்ணாம் நாள். எனக்கு ரெண்டாம் நாள். உங்க நாய்க்கு என்ன வயசு? மூணா. அது இருந்துரும், பயப்படாதீங்க. என் நாய்தான் சார் தாங்காது. பதிமூணு வயசு, பின்னங்கால் விழுந்துருச்சு, நேத்துச் சோறே திங்கலையாம். ஞாயித்துக்கிழமை வரைக்கும் எங்க இருக்கப் போகுது? அதுக்கு முன்னாடியே போயிரும் பாருங்க, எனக்குத் தெரியும். எனக்கு அப்படித்தான் நடக்கும். கொஞ்சம் கால மடக்குங்க, நான் போகணும். டீச்சர் வீடு ஊருக்கு அந்தக் கடைசியில இருக்கு, வெயில் ஏறினா பால் திரிஞ்சு போகும்.